ஆடாதோடை வேலி

கச்சிராயபாளையம் ரோட்டில், ஊர் முடிகிற இடத்தில் புது வீடு கட்டிக் குடிவந்தபோது விஜயலட்சுமியும் வெங்கடேசனும் பின்பக்கத்தைப் பற்றி யோசிக்கவே இல்லை. முன்னால் கிரில் போட்ட வராந்தா, அதற்கு நீல பெயிண்ட். பின்னால் ஓர் அடிபம்பு, ஒரு துவைகல், நாலு மூங்கில் நட்டுக் கீற்றுத் தட்டி கட்டிய குளிக்கிற இடம். அதற்கு அந்தப் பக்கம் ரைஸ்மில்லின் நெல் களம். விடிந்ததிலிருந்து பொழுது சாய்கிற வரை அங்கே நெல் துழாவுகிறவர்களும் மூட்டை தூக்குகிறவர்களும் லாரிக்காரர்களும் இருப்பார்கள்.

பங்குனியில் ஒருநாள் கோடைமழைக்கு முன்னால் சுழற்றி அடித்த காற்றில், அவள் குளித்துக்கொண்டிருக்கும்போதே தட்டி பிய்த்துக்கொண்டு போய் களத்தில் விழுந்தது. களத்தில் இருந்தவர்கள் முகத்தைத் திருப்பிக்கொண்டார்கள். ஒருவன் மட்டும் திருப்பவில்லை. அதன்பிறகு அவள் விடியுமுன் இருட்டிலேயே குளித்து முடிப்பது என்று வைத்துக்கொண்டாள்.

"சுவர் வச்சிடலாம்" என்றான் வெங்கடேசன். அவன் சர்க்கரை ஆலையில் குமாஸ்தா.

"சுவர் வச்சா காத்து வராது. களத்துச் சூடு மொத்தமும் அதுல ஏறி வூட்டுக்குள்ள இறங்கும். செடியா வச்சிக்கலாம்ங்க. எப்பவும் பச்சையா இருக்கிற மாதிரி."

எது எப்போதும் பச்சையாக இருக்கும் என்று கண்டுபிடிக்க அவள் ஒரு வழி வைத்திருந்தாள். சித்திரை வெயிலில், வீட்டில் கூலிக்குத் தைத்த ஜாக்கெட்டுகளைக் கொண்டுபோய்க் கொடுக்கிற சாக்கில், ஊரில் உள்ள வேலிகளையெல்லாம் பார்த்துக்கொண்டே நடந்தாள். கிளுவை வேலிகள் இலை இல்லாமல் வெறும் குச்சியாக நின்றன. அந்தப் பக்கம் உலர்த்தியிருந்த பாவாடை வரை தெரிந்தது. ஆபீஸ் ஒன்றில் சவுக்கை வெட்டி வெட்டி வளர்த்திருந்தார்கள். மேலே பார்க்க அழகாக இருந்தது, ஆனால் முழங்காலுக்குக் கீழே மொட்டை. கொடுக்காப்புளி நல்ல அடர்த்திதான். குளிக்கிற இடத்தில் முள் உதிர்ந்தால் யார் காலில் ஏறுவது? மருதாணி வைத்தால் தெருவில் உள்ள பெண்பிள்ளைகள் எல்லாம் வந்து உருவிக்கொண்டு போவார்கள். கடைசியில் வடக்கனந்தலில் ஒரு வாழைத்தோட்டத்தின் ஓரத்தில் ஆடாதோடையைப் பார்த்தாள். அந்த வெயிலிலும் ஒரு இலை வாடவில்லை. அடியிலிருந்து ஆள் உயரம் வரை அடைத்துக்கொண்டு நின்றது. பக்கத்திலேயே ஆடுகள் மேய்ந்துகொண்டிருந்தன. ஒன்றுகூட அதில் வாய் வைக்கவில்லை.

"இதுதான்" என்று அங்கேயே முடிவு செய்துகொண்டாள்.

குச்சிக்கு வேடியப்பனிடம் சொன்னாள். வேடியப்பன் கல்வராயன் மலைக்காரர், நாற்பது வயதிருக்கும். சந்தை நாளில் கடுக்காயும் புளியும் கொண்டுவந்து விற்பார். மழை இல்லாத மாதங்களில் அடிவாரத் தோட்டங்களில் வேலி கட்டுகிற வேலைக்கும் போவார். ஓடையோரத்தில் ஆடாதோடை புதராகக் கிடக்கிறது, ஆவணி கடைசியில் வெட்டிக்கொண்டு வந்து நட்டுத் தருகிறேன் என்றார். சொன்னபடியே எண்பத்தேழாம் வருஷம் ஆவணி கடைசியில் ஈரச் சாக்கில் சுற்றிய குச்சிக் கட்டுகளுடன் பஸ்ஸை விட்டு இறங்கினார். கூடவே ஒரு கடப்பாரையும், குச்சி சீவுகிற கொடுவாளும்.

அந்த வாரம் ஊரெல்லாம் ஒரே பேச்சாக இருந்தது. இடஒதுக்கீடு கேட்டுப் புரட்டாசி முதல் தேதியிலிருந்து ஒரு வாரம் சாலை மறியல் என்று சுவர் சுவராக எழுதியிருந்தார்கள். வெங்கடேசன் ஆலைக்குப் போகும்போதே, பஸ் நின்றுவிட்டால் அங்கேயே தங்கிக்கொள்வதாகச் சொல்லி இரண்டு செட் துணி எடுத்துக்கொண்டு போனான்.

மறியலுக்கு முந்தின நாள் மாலை. களத்துப் பக்கம் முழுவதும் இரட்டை வரிசையாகக் குச்சி ஊன்றி முடிந்திருந்தது. ரோட்டுப் பக்கம் மட்டும் பாக்கி. வேடியப்பன் கைகழுவிக்கொண்டு வந்தார்.

"அம்மா, நான் கடைசி பஸ்ஸுக்குக் கெளம்பறேங்க. நாளையிலேந்து வண்டி ஓடாதுன்றாங்க. மேல சாமை கதிர் முத்திக்கினு கெடக்குது. பன்னி எறங்கிடும். வூட்டுக்காரி ஒண்டியா காவலுக்குப் போறா."

விஜயலட்சுமி மீதிக் குச்சிக் கட்டைப் பார்த்தாள். சாக்கை விலக்கினால் குச்சியின் முனையெல்லாம் கறுக்கத் தொடங்கியிருந்தது. இன்னொரு வாரம் போட்டால் விறகுதான்.

"மறியல் எல்லாம் மெட்ராஸ் ரோட்டுல, உளுந்தூர்பேட்டை பக்கம்தான் ஜாஸ்தியா இருக்கும். மலைக்குப் போற பஸ்ஸ யாரு மறிக்கப் போறா? நாளைக்குக் காலையில இத முடிச்சிட்டு மத்தியானம் போயிடு வேடியப்பா. பாதியில வுட்டா இன்னாத்துக்கு ஆகும்?"

அவர் ரோட்டைப் பார்த்தார், கட்டைப் பார்த்தார். "சரிங்க" என்றார்.

மறுநாள் ஒரு பஸ்கூட ஓடவில்லை. விடியும் முன்பே எல்லாப் பக்கமும் மரத்தை வெட்டிச் சாய்த்துவிட்டார்கள் என்றும், விழுப்புரம் பக்கம் துப்பாக்கிச் சூடு என்றும் மில்லுக்கு வந்தவர்கள் சொன்னார்கள். வேடியப்பன் மீதிக் குச்சிகளை ஊன்றினார். சாயங்காலம் முடித்துவிட்டு மில் கொட்டகையில் படுத்துக்கொண்டார். விஜயலட்சுமி சோறு கொண்டுபோய்க் கொடுத்தபோது, "நாளைக்கு நடந்தே போயிடறேங்க" என்றார். அவரை அவள் நேராகப் பார்க்கவில்லை.

அடுத்த நாள் வெளுக்கும் நேரத்தில் பின்கதவு தட்டும் சத்தம் கேட்டது. திறந்தால் அவளுடைய தம்பி தமிழரசன். களத்து வழியாக ஓடி வந்திருந்தான். லுங்கியெல்லாம் மரத்தூள். உள்ளங்கை இரண்டிலும் கொப்புளம் உடைந்து ரத்தம்.

"அக்கா, போலீஸ் தொரத்துது. ரெண்டு நாள் இங்க இருந்துக்கறேன்."

"இன்னாடா பண்ண?"

"எல்லாரும் பண்ணததான் பண்ணேன். புளிய மரம். வடக்கனந்தல் ரோட்டுல."

அவனுக்கு இருபத்துமூன்று வயது. குடும்பத்தில் முதல் பட்டதாரி. மூன்று வருஷம் வேலைக்கு எழுதிப் போட்டு, வெறும் கையுடன் திரும்பி, இந்த ஆனியில்தான் ஒரு குமாஸ்தா வேலைக்குப் பெயர் வந்திருந்தது. இனி போலீஸ் விசாரித்து நற்சான்று அனுப்பினால் ஆர்டர். அதை விஜயலட்சுமி சொல்லிக்காட்டியபோது அவன் குரல் உடைந்தது.

"எனக்கு வந்துச்சிக்கா. என்கூடப் படிச்சவன் எவனுக்கும் வரல. நம்ம ஜனம் எத்தினி நாளுக்குக் கரும்பே வெட்டிக்கினு கெடக்கறது? அவனுங்க எல்லாம் ரோட்டுல நிக்கறப்ப நான் வூட்ல படுத்துக்கினு இருக்க முடியுமா?"

அவள் அவன் கைக்கு மஞ்சள் எடுக்கத் திரும்பினாள். அடிபம்பின் அருகே வேடியப்பன் குடத்துடன் நின்றுகொண்டிருந்தார். புறப்படும் முன் குச்சிகளுக்கு ஒருமுறை தண்ணீர் ஊற்ற வந்தவர். அவர் தமிழரசனைப் பார்த்தார். அவன் லுங்கியைப் பார்த்தார்.

"என் தம்பி" என்றாள்.

"சரிங்க" என்றார். வரிசை முழுவதும் நிதானமாகத் தண்ணீர் ஊற்றினார். கடப்பாரையையும் கொடுவாளையும் சாக்கில் சுற்றிக்கொண்டார். அவள் வாழையிலையில் கட்டிக் கொடுத்த புளிச்சோற்றை வாங்கிக்கொண்டு ரோட்டில் இறங்கி மலையைப் பார்க்க நடந்தார். அவர் போனதும் அவளுக்கு மூச்சு லேசானது. பார்த்த ஒரே ஆளும் போயாகிவிட்டது என்று தோன்றியது.

மத்தியானம் ஒரு போலீஸ்காரர் சைக்கிளில் வந்து நின்றார். வெளி மாவட்டத்திலிருந்து பந்தோபஸ்துக்கு வந்தவர். பேச்சு தெற்கத்திப் பேச்சாக இருந்தது. தமிழரசன் குளிக்கிற இடத்துக்குள் ஓடி, திரும்ப எடுத்துக் கட்டியிருந்த தட்டியின் மறைவில் குந்திக்கொண்டான்.

"ஆலையில வேலை பாக்குற வெங்கடேசன் வீடு இதுதானா?"

"ஆமாங்க. அவரு ஆலையிலதான் மாட்டிக்கினாரு. பஸ் இல்ல."

"மரம் வெட்டிக் கெடந்த எடத்துல ஒருத்தன அருவாளோட புடிச்சிருக்கோம். மலைக்காரன். வேடியப்பன்னு பேரு சொல்லுதான். ரெண்டு மூணு நாளா ஒங்க வீட்டுலதான் வேலி நட்டேன்னு அழுதுகிட்டே இருக்கான். உண்மையா?"

உண்மை என்று சொல்லத்தான் வாயைத் திறந்தாள். போலீஸ்காரர் அதற்குள் வீட்டின் பக்கவாட்டுச் சந்தின் பக்கம் பார்த்துக்கொண்டே சைக்கிளைச் சுவரில் சாய்த்தார்.

"எங்க நட்டான்? பின்னாடியா? வாங்க, காட்டுங்க. பாத்துட்டு எழுதிக்கிடுதேன்."

பின்னால்தான் தட்டி இருந்தது. இப்போதே தம்பியின் மூச்சு தெரு வரைக்கும் கேட்கிற மாதிரி இருந்தது அவளுக்கு.

"இல்லீங்க" என்றாள். "நாங்க ஆளு யாரையும் வெக்கல."

"வேலி நடல?"

"நட்டோம். நாங்களே நட்டது. அவரும் நானும்."

"அப்ப வேடியப்பன்னு யாரையும் தெரியாது?"

"சந்தையில கடுக்கா விக்கிற ஆளு ஒருத்தரு... தெரியாதுங்க."

போலீஸ்காரர் அவள் முகத்தைப் பார்த்தார். ரோட்டுப் பக்கத்து வரிசையையும் பார்த்தார். குச்சிகளின் அடியில் மண் இன்னும் ஈரமாக இருந்தது. வேடியப்பனின் கால்தடம் அதில் வரிசையாகப் பதிந்திருந்தது. அது அன்று காலை பதிந்த ஆண் கால் என்று யாருக்கும் தெரியும். போலீஸ்காரரும் களைத்துப் போயிருந்தார். ராத்திரியெல்லாம் தூங்காத கண்கள்.

"தனியா இருக்கீக. கதவச் சாத்திக்கிடுங்க" என்று சொல்லிவிட்டு சைக்கிளை எடுத்தார்.

அவர் வளைவில் மறைகிற வரை விஜயலட்சுமி வாசலிலேயே நின்றாள். கூப்பிட்டுவிடலாம் என்று இருந்தது. சார் என்று ஒரு சத்தம் போதும். கூப்பிடவில்லை.

தமிழரசன் வெளியே வந்து, "யாருக்கா அது, அந்த ஆளையா புடிச்சிக்கினாங்க?" என்று கேட்டான்.

"ஆமா."

"ரெண்டு நாள்ல வுட்டுடுவாங்க. நெறைய பேரப் புடிச்சிருக்காங்க. எல்லாரையும் எங்க வெக்கறது?"

அவன் சொன்னது நடக்கும் என்றுதான் அவளும் நம்பப் பார்த்தாள். மறியல் முடிந்ததும் தமிழரசன் உளுந்தூர்பேட்டை போய் அங்கிருந்து லாரி ஏறி மெட்ராஸில் சித்தப்பா வீட்டுக்குப் போய்ச் சேர்ந்தான். வெங்கடேசன் தாடியுடன் வீடு திரும்பினான். அவனிடம் எல்லாவற்றையும் சொன்னாள்.

அவன் சட்டையைக் கழற்றி ஆணியில் மாட்டினான். "சொன்னது சொல்லியாச்சி. இப்பப் போயி மாத்திச் சொன்னா, ஏன் பொய் சொன்னேன்னு உன்னைத்தான் கேப்பான். அப்பால தமிழு பேரு வரும். ஆர்டர் வர்ற வரைக்கும் சும்மா இரு. கோர்ட்டுல எப்படியும் வுட்டுடுவான்."

வேடியப்பனைக் கடலூர் ஜெயிலுக்கு அனுப்பிவிட்டார்கள் என்று மில்லில் யாரோ சொன்னார்கள். ஐப்பசி மழை பிடித்துக்கொண்டது. ஊன்றிய குச்சிகள் கணுவுக்குக் கணு துளிர்த்தன. ஒன்றுகூடப் பட்டுப்போகவில்லை. எதிர்வீட்டுக்காரி பார்த்துவிட்டு, "யாரு நட்டது விஜயா? நல்ல கைராசி" என்று கேட்டாள். "நாங்கதான்" என்று சொல்லி முடித்தபிறகுதான் விஜயலட்சுமிக்கு உறைத்தது. முதல் தடவை பயத்தில் வந்த பொய் இப்போது கேட்காமலே வாயில் வந்து நிற்கிறது. அன்று அவளால் தைக்க முடியவில்லை. இரண்டு ஜாக்கெட்டுக்கு அளவு மாற்றி வெட்டிவிட்டாள்.

அதே வாரம் இருசம்மாள் வந்தாள். வேடியப்பனின் மனைவி. நனைந்த புடவையுடன் கிரில்லுக்கு வெளியே நின்றாள். இதற்கு முன் விஜயலட்சுமி அவளைப் பார்த்ததில்லை.

"சக்கர ஆலைக்காரரு வூடு இதானுங்களா? எங்க வூட்டுக்காரரு வேலி நட இங்கதான் வந்தாரு. திரும்பி வரவே இல்ல. பஸ்ஸு நின்னுச்சின்னாங்க. அப்பறம் பஸ்ஸு வுட்டும் வரல. அடிவாரத்துல எல்லாம் கேட்டுப்புட்டு வரேன்."

"உள்ள வா" என்றாள் விஜயலட்சுமி.

"வேணாங்க, ஈரம். அவரு எப்பக் கெளம்புனாரு? அத மட்டும் சொல்லுங்க."

விஜயலட்சுமி கிரில்லைப் பிடித்துக்கொண்டாள். "மறியல் அன்னிக்கு... அடுத்த நாள் காலையில கெளம்புனாரு. போலீஸ் புடிச்சிக்கினு போயிட்டாங்களாம். கடலூர்ல இருக்கறாராம்."

"போலீஸா? அவரு இன்னா பண்ணாரு?"

"ஒண்ணும் பண்ணல."

"ஒண்ணும் பண்ணாதவர எதுக்குப் புடிச்சாங்க? இங்கதான் வேலை செஞ்சேன்னு சொல்லியிருப்பாரே. அவங்க வந்து ஒங்களக் கேக்கலீங்களா?"

குற்றம் சாட்டுகிற குரலில்லை. தெரிந்துகொள்ளத்தான் கேட்டாள். விஜயலட்சுமி தலையை ஆட்டினாள். அந்த ஆட்டம் கேட்டார்கள் என்பதா, கேட்கவில்லை என்பதா என்று இருசம்மாளுக்குப் புரியவில்லை.

"சாமையெல்லாம் பன்னி மேஞ்சிட்டுதுங்க" என்றாள் இருசம்மாள். "நான் ஒண்டியா எத்தினி பக்கம் ஓடறது? அவரு வந்தா வையுவாருன்னுதான் பயமா இருந்துச்சி."

இருசம்மாள் கீழே உட்கார்ந்துவிட்டாள். விஜயலட்சுமி உள்ளே போய்த் துண்டும் வறக்காப்பியும் எடுத்துவந்தாள். அவள் குடித்து முடிக்கிற வரை காத்திருந்து, வீட்டைப் பூட்டினாள்.

"எழுந்திரு. வக்கீலப் போய்ப் பாக்கலாம்."

கோர்ட்டுக்கு எதிர்த்தெருவில் இருந்த வக்கீல் போலீஸ் ஸ்டேஷனில் விசாரித்துக்கொண்டு வந்து, அந்த ஆள் உங்கள் வீட்டில் வேலை செய்ததாக நீங்கள் வந்து சொன்னால் ஜாமீன் சுலபம் என்றார். "ஆனா போலீஸ் கேட்டப்போ தெரியாதுன்னு சொல்லியிருக்கீங்களே. அது ஏன்?"

இருசம்மாள் அப்போதுதான் திரும்பி அவளைப் பார்த்தாள்.

"வூட்ல ஒண்டியா இருந்தேன். போலீஸப் பாத்து பயந்துட்டேன்" என்றாள் விஜயலட்சுமி. பாதி உண்மை. மீதிப் பாதி மெட்ராஸில் ஆர்டருக்குக் காத்திருந்தது.

வேடியப்பன் ஜாமீனில் வந்த நாளில் அவளும் பஸ் ஸ்டாண்டுக்குப் போனாள். கடலூர் பஸ்ஸிலிருந்து இறங்கியவரைச் சட்டென்று அடையாளம் தெரியவில்லை. தலையை ஒட்ட வெட்டியிருந்தார்கள். இடது கை விரல்களை மடக்க முடியாமல் ஒரு மாதிரி நீட்டியே வைத்திருந்தார். இருசம்மாள் அந்தக் கையைத் தொட்டுப் பார்த்துவிட்டு முந்தானையை வாயில் வைத்து அடைத்துக்கொண்டாள்.

"வேடியப்பா..." என்று ஆரம்பித்த விஜயலட்சுமி நிறுத்திக்கொண்டாள். தன்னைவிட வயதில் பெரியவரை இத்தனை நாளும் எப்படிக் கூப்பிட்டு வந்திருக்கிறோம் என்பது அப்போதுதான் அவள் காதில் விழுந்தது. "நான்தாங்க தெரியாதுன்னு சொல்லிட்டேன்."

"தெரியும்மா. அந்தப் போலீஸ்காரரு வந்து சொன்னாரு."

"என் தம்பி உள்ள இருந்தான்."

"அதுவும் தெரியுமே. பாத்தேனே." அவர் குரல் உயரவில்லை. ஆனால் அவள் முகத்தைப் பார்த்துச் சொன்னார். "மொதல்ல நான் அதச் சொல்லலங்க. ஒன்னைக் கேப்பாங்க, நீ ஆமான்னுடுவே, வுட்டுடுவாங்கன்னு இருந்தேன். நீ என்னைத் தெரியவே தெரியாதுன்னியாம். அப்பறம் சொன்னேன். மரத்தூளோட ஒரு ஆளு அந்த வூட்லதான் கீறான், போய்ப் பாருங்கன்னு சொன்னேன். குடும்பப் பொம்பள மேல பழி போடறியான்னு அதுக்கும் சேத்து அடிச்சாங்க."

அவளை 'நீ' என்று அவர் சொன்னது அதுவே முதல் தடவை.

"வாய்தா அன்னிக்கெல்லாம் நான் வந்துடறேன்" என்றாள்.

"வா" என்றார். மலை பஸ் வந்தது. ஏறிக்கொண்டார்கள்.

அவள் சொன்னபடி ஒவ்வொரு வாய்தாவுக்கும் போனாள். வழக்கு இழுத்துக்கொண்டே போனது. ஒருநாள் அரசு வக்கீல் வரவில்லை, ஒருநாள் மாஜிஸ்திரேட் மாற்றல். வேடியப்பனும் இருசம்மாளும் விடியும்முன் புறப்பட்டு மலையிறங்கி வந்து, கோர்ட்டு வேப்பமரத்தடியில் உட்கார்ந்திருப்பார்கள். அவளும் சற்றுத் தள்ளி உட்காருவாள். ஆரம்பத்தில் சாப்பாடு கட்டிக்கொண்டு போனாள். அவர்கள் மறுக்கவில்லை, தொடவும் இல்லை. நாங்களும் கொண்டாந்துருக்கோம் என்று இருசம்மாள் ஒரு சின்னத் தூக்குச்சட்டியைக் காட்டினாள். பிறகு விஜயலட்சுமி கொண்டுபோவதை நிறுத்திவிட்டாள். கை விரல் சரியாகாததால் அவர் வேலி வேலைக்குப் போவதில்லை என்றும், இந்தப் பக்கம் சந்தைக்கே வராமல் மலைக்கு அந்தப் பக்கம் சேலத்து வழியில் கொண்டுபோய் விற்கிறார்கள் என்றும் வக்கீலின் குமாஸ்தா சொல்லித் தெரிந்தது.

இதற்குள் தமிழரசனுக்கு ஆர்டர் வந்து, செங்கல்பட்டில் வேலைக்குச் சேர்ந்துவிட்டான். வேலி ஆள் உயரத்துக்கு மேல் வளர்ந்து வெள்ளைப் பூ பூத்தது. களத்தில் இருப்பவர்களுக்கு வீடு இருப்பதே தெரியாது. அவள் பட்டப்பகலில், வேண்டிய மட்டும் தண்ணீர் ஊற்றிக் குளிக்கலாம். ஆனாலும் அவள் விடியுமுன்தான் குளித்தாள். வெங்கடேசன் ஒருமுறை காரணம் கேட்டான். "பழகிப் போச்சி" என்றாள்.

எண்பத்தொன்பதாம் வருஷம் தனி ஒதுக்கீடு அறிவித்தார்கள். தெருவில் வெடி வெடித்துச் சர்க்கரை கொடுத்தார்கள். அதற்கு முன்னால் பொங்கலை ஒட்டி வந்திருந்த தமிழரசனிடம், வழக்கு இன்னும் முடியவில்லை என்று அவள் சொல்லியிருந்தாள்.

"அவன் பேருல இன்னுமா நடக்குது?" என்று அவன் நிஜமாகவே ஆச்சரியப்பட்டான். "நான் இன்னாக்கா பண்ணட்டும்? போய், நான்தான் வெட்டினேன்னு நின்னா வேலை போயிடும். இப்பதான் அம்மாவுக்கு மாசாமாசம் அனுப்பறேன்."

"உன்னைப் போவச் சொல்லல."

"அப்ப எதுக்குச் சொல்ற?"

"சொல்லாம இருக்க முடியல. அதான்."

ஆடி மாதம் அவள் சாட்சிக் கூண்டில் ஏறினாள். வேடியப்பன் எதிரே நின்றிருந்தார். வக்கீல் கேட்டதற்கெல்லாம் பதில் சொன்னாள். குச்சி கொண்டுவந்தது, நட்டது, தான் நிறுத்தி வைத்தது, மறுநாள் காலை புளிச்சோறு கட்டிக் கொடுத்தது. அரசு வக்கீல் எழுந்தார்.

"அன்றைக்குப் போலீஸிடம் இவரைத் தெரியாது என்று சொன்னீர்கள். இன்று தெரியும் என்கிறீர்கள். எதை நம்புவது?"

"இதத்தாங்க."

"அன்றைக்கு ஏன் பொய் சொன்னீர்கள்?"

வக்கீல் முன்பே சொல்லிக் கொடுத்திருந்தார். தனியாக இருந்தேன், பயம் என்று சொன்னால் போதும். அவளுக்கு அது நன்றாகப் பாடமாகியிருந்தது. வேடியப்பன் அவளைப் பார்க்கவில்லை. கூண்டுக் கட்டையில் வைத்திருந்த தன் இடது கையைப் பார்த்துக்கொண்டிருந்தார். அவளிடம் அவர் எதையும் எதிர்பார்க்கவில்லை என்பது அதிலேயே தெரிந்தது.

"வூட்டுக்குள்ள ஒரு ஆளு ஒளிஞ்சிக்கினு இருந்துச்சிங்க" என்றாள். "அந்தப் போலீஸ்காரரு பின்னாடி வந்தா பாத்துடுவாருன்னு தெரியாதுன்னுட்டேன். மரம் வெட்டினது அந்த ஆளு. இவரு இல்ல."

மாஜிஸ்திரேட் எழுதுவதை நிறுத்திவிட்டு நிமிர்ந்தார்.

"யார் அது?"

"என் கூடப் பொறந்தவன்."

"பெயர்?"

அம்மாவின் முகம் ஞாபகம் வந்தது. கொப்புளம் உடைந்த அந்த உள்ளங்கைகளும். கூண்டுக் கட்டையை இறுகப் பிடித்துக்கொண்டாள்.

"தமிழரசன்."

அடுத்த மாதமே வேடியப்பனை விடுதலை செய்து தீர்ப்பு வந்தது. தமிழரசனின் ஆபீஸுக்குத் தகவல் போய், அவனைச் சில மாதங்கள் சஸ்பெண்ட் செய்தார்கள். மறியல் வழக்கு எதுவும் அவன் மேல் நிற்காததால் திரும்பச் சேர்த்துக்கொண்டார்கள். ஆனால் தனக்கு அக்கா என்று யாரும் இல்லை என அவன் அம்மாவிடம் சொல்லிவிட்டான். அம்மாவும் அவன் பக்கம்தான். தங்கள் வீட்டுப் பிள்ளையைக் காட்டிக் கொடுத்துவிட்டாள் என்று உறவில் பலர் அவளிடம் பேச்சை நிறுத்திக்கொண்டார்கள். வெங்கடேசன் திட்டவில்லை. ஒருநாள் சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போது மட்டும், "அன்னிக்கே என்னைக் கேக்காம வக்கீல்கிட்ட போனியே, அதுவே சரி" என்று தட்டைப் பார்த்துக்கொண்டே சொன்னான்.

தீர்ப்பு வந்த அன்று அவள் வேடியப்பனையும் இருசம்மாளையும் தேடிக்கொண்டு பஸ் ஸ்டாண்டுக்குப் போனாள். மலை பஸ்ஸின் பக்கத்தில் நின்றிருந்தார்கள். இருசம்மாளின் தலையில் ஒரு புது மண்வெட்டி, காம்பு போடாதது, சும்மாட்டின் மேல் இருந்தது.

"அண்ணே" என்றாள் விஜயலட்சுமி. அப்படிக் கூப்பிட உரிமை இருக்கிறதா என்று அவளுக்குத் தெரியவில்லை.

வேடியப்பன் திரும்பினார்.

"தம்பி பேர சொல்லிட்டியே" என்றார். "வேலை போயிடுச்சா?"

"நிறுத்தி வச்சிருக்காங்க."

"ம்." பஸ் டயரைப் பார்த்தார். "அன்னிக்கு மத்தியானமே சொல்லியிருந்தா, எனக்குக் கை இருந்திருக்கும். அந்தப் பையனயும் ரெண்டு நாள் வச்சிட்டு வுட்டிருப்பாங்க."

"ஆமாங்க."

மன்னிப்பு என்ற சொல்லை இரண்டு வருஷமாகத் தூக்கிக்கொண்டு திரிந்திருக்கிறாள். இப்போது அதைக் கேட்டால், அவர்தான் இன்னொரு முறை எதையோ கொடுக்கவேண்டியிருக்கும் என்று தோன்றியது. கேட்கவில்லை.

கண்டக்டர் விசில் ஊதினார். வேடியப்பன் வலது கையால் கம்பியைப் பிடித்து ஏறினார். இருசம்மாள் ஏறுவதற்காக மண்வெட்டியைத் தலையிலிருந்து இறக்கினாள். வைத்துக்கொள்ள இடமில்லாமல் ஒரு நொடி தடுமாறினாள். விஜயலட்சுமி கையை நீட்டி வாங்கிக்கொண்டாள். இருசம்மாள் படியில் ஏறி நின்று திரும்பி, மண்வெட்டியை அவளிடமிருந்து வாங்கிக்கொண்டாள்.

"வெயிலுல நிக்காதீங்க, போங்க" என்றாள்.

பஸ் கிளம்பியது. அது கச்சிராயபாளையம் ரோட்டில்தான், அவள் வீட்டைத் தாண்டித்தான் போகும். அதில் ஏறினால் பத்து நிமிஷத்தில் வீடு. விஜயலட்சுமி அது போகும் வரை நின்றுவிட்டு, பின்னாலேயே நடக்கத் தொடங்கினாள்.